சிலம்பம் படிக்க விசா கிடைத்துவிட்டது, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்பது பழக்கதோஷம். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று விசா கிடைத்துவிட்டது. மதுரைக்குப் போய்ச் சிலம்பம் படிக்கப் போகிறேன். நீங்கள் இருந்திருந்தால் கிடைத்திருக்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு நம் இன்சீனில் நகரைச் சுற்றும் வட்ட ரயிலேறி, கியாக்டடாவில் இருக்கிற இந்தியத் தூதரகத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பெண் திரும்பி வந்துவிடுவாள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று பர்மாக்கார விசாத் தரகர் கோ மியோ டீக்கடையில் உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னார். தலையை நன்றாக ஆட்டினீர்கள். உள்ளே போய் அதிகாரியிடம் என்ன சொன்னீர்கள்?

"அது எங்க ஊருதானே சார். சொந்தபந்தம் அம்புட்டும் அங்கதான். போனா புள்ள அங்கயே இருந்துக்கும்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பூர்வீகத்தைச் சொன்னால் இந்தியாக்காரர்கள் மகிழ்ந்துபோய் விசா கொடுப்பார்கள் என்று இங்கே நம் ஆட்கள் எல்லோரும் நம்புகிறார்கள், அப்பாவும் பாவம் அப்படித்தான் உளறிவிட்டார் என்று நினைத்து அழுகையை அடக்கிக்கொண்டேன். திரும்பும் ரயிலில் வெற்றிலையை மென்றுகொண்டே நீங்களாகத்தான் வாயைத் திறந்தீர்கள்.

"தெரிஞ்சுதான் சொன்னேன். கம்பு சுத்துற பொம்பளைய எவன் கட்டுவான்?"

எவனும் கட்டவில்லை. நானும் கம்பை விடவில்லை. வேலை முடிந்து வந்து, நீங்கள் பார்க்க வேண்டும் என்றே கோயில் வாசலில் நின்று சுற்றினேன். ஒரு நாளாவது நின்று பார்த்தீர்களா? பக்கத்துத் தெருவழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள்.

இந்த முறை தனியாகப் போனேன். வேறு அதிகாரி, அதே கேள்வி. நீ திரும்பி வருவதற்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்றார். அம்மா எப்போதோ போய்விட்டாள். மாசியில் நீங்களும் போய்விட்டீர்கள். போன பிறகும் குறுக்கே நிற்கிறீர்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அப்பாவுக்கு வருசத் திதி குடுக்கணும் சார். என்னைய விட்டா ஆளில்ல."

முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

மாசிக்குள் வந்துவிடுவேன். எள்ளும் தண்ணீரும் இறைப்பேன். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் சொன்ன சொல்லை நம் வீட்டில் ஒருத்தியாவது காப்பாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
யாரும் கட்டாத உங்கள் ஒரே மகள்
வள்ளி