ஐந்திலிருந்து ஒன்பது வரை

4-3-68, திங்கள்
காலையிலேயே வெயில். புழுதிக் காற்று. மத்திகிரி ரோடு டிரான்ஸ்பார்மர் ரீடிங் எடுக்கும் வேலை. லைன்மேன் மாதப்பன் கூட வந்தான்.

எல்லம்மா வழிமறித்தாள். புருஷன் இல்லை. ஒண்ணரை ஏக்கர் உருளைக்கிழங்கு. தண்ணீர் இறைக்கக் கவலை இழுத்த ஜோடியில் ஒரு மாடு செத்துப்போச்சு. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரும் வாங்கியாச்சு, கரண்ட் இல்லை. "டிரான்ஸ்பார்மரில் இடமில்லை" என்று அவள் மனுவைத் திருப்பி அனுப்பியது நான்.

"மோட்டார் வாங்கச் சொன்னதே நீங்கதானுங்க சார்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

5-3, செவ்வாய்
தூக்கம் பிடிக்காமல் ரீடிங் நோட்டைப் புரட்டினேன். டிரான்ஸ்பார்மரின் பளு எல்லாம் ரங்கப்பாவின் அரிசி மில்தான். காலை ஒன்பதுக்குத் தொடங்கும். ஐந்திலிருந்து ஒன்பது வரை டிரான்ஸ்பார்மர் சும்மா. நாலு மணி நேரம்! ஒரு மோட்டாரைத் தாராளமாகத் தாங்கும். இத்தனை நாள் ஏன் பார்க்கவில்லை?

வாங்க வேண்டியது: கார்பன் பேப்பர், மனைவி பிலோமினாவுக்குத் தலைவலித் தைலம்.

7-3, வியாழன்
பஸ்ஸில் கிருஷ்ணகிரி. சூளகிரியில் டயர் பஞ்சர், ஒரு மணி நேரம் வீண். டிவிஷனல் இன்ஜினியர் டி.இ.யிடம் எல்லம்மாவுக்கு அந்த நாலு மணி நேரம் கேட்டேன், நோட்டைப் பார்த்தார்.

"ஒன்பது மணிக்கு அந்தம்மா நிறுத்தலேன்னா? நீர் போய் உட்காருவீரா?"

"பார்த்துக்கறேன் சார்."

"யோசிக்கலாம். ஆனா நல்ல ஐடியா."

திரும்பும்போது சந்தோஷப்பட்டேன்.

8-3, வெள்ளி
ரங்கப்பா ஆபீசுக்கு வந்தார். கன்னடமும் தமிழுமாகப் பேச்சு. டி.இ. சொன்னாராம், காலையில் பளு இடம் காலியாம். மில்லில் இன்னொரு மெஷின் போட மனு கொண்டுவந்திருக்கிறார்.

"ஒங்க யோசனைதானாமே. ரொம்ப உபகாரம் சார்."

நான் கண்டுபிடித்துக் கொடுத்தது அவருக்குப் போகிறது. நேற்று சந்தோஷப்பட்டேனே, முட்டாள். மனுவை வாங்கி வைத்தேன். வேறென்ன செய்ய.

சாயங்காலம் சர்ச்சில் சிலுவைப்பாதை ஜெபம். மனம் ஒட்டவில்லை. பிலோமினா: "முழங்கால்ல நிக்கறப்பவும் விரல் விட்டு எண்ணிட்டிருந்தீங்க. என்னதான் கணக்கு?" சொன்னேன். "தண்ணி இல்லாம கிழங்கு எத்தனை நாள் தாங்கும்?" என்றாள்.

9-3, சனி
எல்லம்மாவுக்கு இணைப்புக் கொடுத்தாச்சு. உத்தரவு இல்லை. மாதப்பன் கம்பத்தில் ஏறும் முன் கேட்டான்: "ஆர்டர் வந்திருச்சுங்களா சார்?"

"என் பொறுப்பு. ஏறு."

எல்லம்மாவிடம் சொன்னது: ஐந்துக்குப் போடணும், ஒன்பதுக்கு நிறுத்தணும், ஒரு நிமிஷம் கூடினாலும் என் வேலை போச்சு. "மாட்டுப்பண்ணையில ஒம்பது மணிச் சங்கு ஊதுமுன்னாடியே நிறுத்திடறேனுங்க" என்றாள்.

11-3, திங்கள்
எட்டரைக்கே போய்விட்டேன். வாய்க்காலில் தண்ணீர். இலைகள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி. என் பிரமையோ என்னவோ. அவள் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து. எட்டு ஐம்பதுக்கு நிறுத்தினாள். பத்து நிமிஷம் வீணாகிறதே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஆபீசில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் டி.இ.யோ என்று ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

14-3, வியாழன்
டி.இ. வந்துவிட்டார். நேரே வயலுக்கே. ரங்கப்பா எழுதிப் போட்டிருப்பார். ஆள் விட்டு என்னை வரச்சொன்னார். போனபோது எட்டே முக்கால். டி.இ. வரப்பில் நிற்கிறார், பூட்ஸெல்லாம் சேறு. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லம்மா எழுந்து மோட்டாரை நிறுத்தினாள். எட்டு ஐம்பத்திரண்டு.

"தினமும் இப்படியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா சார்."

ஜீப்பில் ஏறியபின் சொன்னார்: "இந்தம்மாவுக்கு அஞ்சிலேர்ந்து ஏழு. அதுக்கப்புறம் மில்லு. ஆர்டர் வரும். உமக்கு மெமோவும் வரும்."

எல்லம்மாவிடம் சொன்னேன். கணக்குப் போட்டாள். "ரெண்டு மணி நேரத்துல பாதி வயலுதான் நனையும். நாலுக்கே எந்திரிச்சாக் குடுப்பீங்களா?"

நாலு மணிக்கும் அந்த டிரான்ஸ்பார்மர் சும்மாதான் இருக்கிறது. நான்தான் ஐந்திலிருந்து எண்ணியிருக்கிறேன்.

போட்டுக்குங்க என்றேன். யாரையும் கேட்கவில்லை.