பாதாம் மரத்துல நீ கட்டுன கவர்

என் ரேவு, என் தங்கமே,

காலையில பதினொன்னு நாப்பத்தி மூணு. கூலிங் டவர் மேல ஏறி ஃபேன் பெல்ட் பாத்துக்கினு இருந்தேன். போன் வழக்கம்போல கேட் லாக்கர்ல. எப்பவும் கீழருந்தே கத்துற சூப்பர்வைசர் அன்னைக்கு தானே ஏணியில ஏறி வந்தாரு. அவர் மூஞ்சிய பாத்ததும் நான் வாட்ச்ச பாத்தேன். எந்த மெஷின் நின்னாலும் மொதல்ல டைம் எழுதிக்கற பழக்கம், வேற இன்னா.

டூட்டிக்குப் போகச் சொன்னதே நீதான். "காய்ச்சல் எறங்கிடுச்சு, அம்மா கூட கீறாங்க, லீவ வீணாக்காத மாமா"ன்னு ஆஸ்பத்திரி பெட்லருந்து தொரத்துன. அதுல உன்மேல கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல.

அன்னைலருந்து போன கைய விட்டு எறக்கல. தூங்கும்போதும் நெஞ்சு மேலதான். யாராவது கூப்ட்டு, "தப்பா சொல்லிட்டோம்பா, அது வேற பேஷண்ட்டு"ன்னு சொல்லுவாங்கன்னு ஒரு நெனப்பு. கொள்ளி வெச்சவனே நான்தான். இருந்தாலும் சார்ஜ் எறங்க விடல. அழுகையும் வரல. உள்ள எதோ வால்வு மூடிக்கிச்சு.

அந்த ஞாயித்துக்கெழம ஞாபகம் இருக்கா? மொட்டைமாடியில துணி காயப்போட்டுக்கினு இருந்தோம். பாதாம் மரத்து நெழல்ல நின்னு, "நெழல் இருந்தா சில்லுன்னுதான் இருக்கும்"னு ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். அவ்ளோதான், புடிச்சிக்கின.

"தகர ஷெட்டுக்கு அடியிலயும் நெழல்தான். அங்க போய் நில்லு பாக்கலாம்."

"சரி, நீயே சொல்லு பாட்டனி மேடம்."

பி.எஸ்சி. பாட்டனி முடிச்சிட்டு போன் கம்பெனி லைன்ல ஸ்க்ரூ போட்டுக்கினு இருந்த உனக்கு, அந்த மாதிரி யாராவது கேட்டா போதும், மூஞ்சி மாறிடும். வேர் தண்ணிய உறிஞ்சுது, தண்டு வழியா எலைக்கு ஏறுது, எலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க வழியா ஆவியா வெளிய போவுது, போறப்ப சூட்டையும் எடுத்துக்கினு போவுதுன்ன. "உன் கூலிங் டவர் பண்ற அதே வேலதான் மாமா. உன்னுதுக்கு மோட்டார் வேணும், பம்ப் வேணும், கரண்ட் வேணும், பாத்துக்க உன்ன மாதிரி ஒரு லூசு வேணும். இதுக்கு வெயில் போதும்."

தண்ணி பத்தலன்னா மரமே அந்த ஓட்டைய மூடிக்கும்னு சொன்னது எனக்குப் புடிச்சிது. கடல் மட்டுமில்ல, காடும் மேகத்துக்குத் தண்ணி குடுக்குது, ஒரு காடு விட்ட மூச்சு தூரத்துல எங்கயோ மழையா விழுதுன்ன. நான் சிரிச்சேன். "ஒரு எலையிலருந்து எவ்ளோ வந்துடப் போவுது?"

பந்தயம் கட்டுன. என் புது யூனிஃபார்ம் வந்த பிளாஸ்டிக் கவர எலையோட ஒரு கெளைக்கு மாட்டி, தலையிலருந்து ரப்பர் பேண்ட கழட்டி இறுக்கிக் கட்டுன. தோத்தவங்க ஒரு மாசம் ரெண்டு டிபன் பாக்ஸையும் கழுவணும். சாயங்காலம் பாக்கலாம்னு சொன்ன. சாயங்காலம் உனக்குக் காய்ச்சல்.

காரியம் முடிஞ்சி ரெண்டு நாள் கழிச்சிதான் அந்தக் கவர பாத்தேன். அடியில தண்ணி தொங்குது. நடுவுல ஒரு சொட்டு மழை இல்ல. நீ கையால கட்டுனது இந்த வூட்ல இனிமே இது ஒண்ணுதான்னு தோணிச்சு. தெனம் மேல போய் பாத்துட்டு வருவேன். தொடல.

நேத்து கொசு ஒழிக்கிற அக்கா ஒருத்தங்க வந்தாங்க. டெங்கு காய்ச்சல்ல செத்த வூடு இல்லியா, தேங்கா ஓடு, டிரம்மு எல்லாம் கவுத்துக்கினே மாடிக்கு வந்துட்டாங்க. "இன்னாப்பா இது, மரத்துல கூட தண்ணி கட்டி வெச்சிக்கீறீங்க"ன்னு கவர்ல கை வெச்சாங்க.

"தொடாதீங்க!"

கீழ வூட்டுக்காரங்க வெளிய வந்து பாக்கற அளவுக்குக் கத்திட்டேன் ரேவு. அந்தக்கா கைய எடுத்துட்டு, மெதுவா கேட்டாங்க, "யாரு தம்பி கட்டுனது?"

சொன்னேன். வேர், தண்டு, எலை, ஓட்டை, வெயில், எல்லாத்தையும் சொன்னேன். நீ சொன்ன அதே வார்த்தைங்க என் வாயிலருந்து வருது. "இது மழத்தண்ணி இல்லக்கா, மரமே விட்டது"ன்னு நான் சொல்லும்போதுதான் புரிஞ்சிது, பந்தயத்துல தோத்துட்டேன்னு.

அந்தக்கா முந்தானையால கண்ண தொடச்சிக்கினாங்க. நான் அழல. "உள்ள கீற எலை வெந்துபோச்சு பாரு தம்பி. வெளிய விட முடியாம திணறிக்கினு கீது. நான் கை வெக்கல. நீயே அவுத்துடு."

அவுத்தேன். ரப்பர் பேண்ட்ல உன் முடி ரெண்டு சுத்திக்கினு இருந்துச்சு. பழுத்த எலைங்க கையில உதுந்துடிச்சு, நுனியில ஒண்ணு மட்டும் இன்னும் பச்சையா இருந்துச்சு. தண்ணிய அளந்தேன். அளக்காம என்னால இருக்க முடியாதுன்னு உனக்கே தெரியும். அரை டம்ளருக்கு மேல. எறங்கிப் போய் மரத்தடியிலயே ஊத்துனேன். திரும்பக் குடிக்கட்டும், திரும்ப மேல அனுப்பட்டும்.

இன்னைக்கு டூட்டி முடிஞ்சி ஒரகடத்துலருந்து படப்பைக்கு வரும்போது ஹெல்மெட் கண்ணாடிய தூக்கிட்டு ஓட்டுனேன். கம்பெனி சுவருங்க வரைக்கும் அனல். மரம் வர்ற எடத்துல காத்து வேற மாதிரி கீது. எத்தன வருஷமா இதே ரோட்ல போறேன், நெழல்னே நெனச்சிக்கினு இருந்தேனே. மூஞ்சில படறது மரம் விட்ட தண்ணின்னு சொல்லிக் குடுத்தியே. அதுக்கு எப்படி நன்றி சொல்றது? உன்கூட இருந்தப்போ ஏன் ஒரு தடவகூட சொல்லல?

ரெண்டு டிபன் பாக்ஸையும் கழுவி கவுத்துட்டேன். உன்னுது மூடி லூசு இல்லியா, அந்த ரப்பர் பேண்ட அதுல போட்டு வெச்சிக்கீறேன். ஒரு மாசம் முழுக்க ரெண்டையும் கழுவுவேன், ஒரு நாள் கூட ஏமாத்த மாட்டேன். நாளைக்கு இந்த மரத்துக்கு மொதல் கொடம் தண்ணியும் நான்தான் ஊத்துவேன்.

இனிமே யாரும் கூப்ட்டு எதையும் மாத்திச் சொல்லப் போறதில்ல ரேவு. போன ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டேன்.

பந்தயத்துல தோத்துப்போன
உன் வூட்டுக்காரன்