மூன்றாவது கம்பி

சில்வண்டு,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு.

ஒரு வாரமாகப் பியானோவில் அந்த ஒரே கட்டை சுதி தப்பி ஒலித்ததற்காக உன்னைத் திட்டித் தீர்த்தேன். "பியானோதாம்மா தப்பு, நான் இல்ல" என்று அழுதாய். நான் காதில் வாங்கவே இல்லை. இன்று காலை மூடியைத் திறந்து பார்த்தேன். அந்தக் கட்டைக்கான மூன்று கம்பிகளில் ஒன்று தளர்ந்து கிடந்தது. சுதி சேர்க்கிறேன் பேர்வழி என்று நானே முறுக்கினேன், பட்டென்று அறுந்துவிட்டது.

நாலு மணிக்குச் சரிசெய்பவர் வருவார். அதற்குள் அப்பா வந்துவிடுவார்.

அம்மா

பி.கு.: "யாரு கை வெச்சது?" என்று சரிசெய்பவர் ஃபோனில் கேட்டார். வாய் கூசாமல் "பொண்ணுதான்" என்றுவிட்டேன். அவர் உன்னை ஏதாவது சொன்னால், அப்பா எதிரிலேயே இந்தச் சீட்டை நீட்டு.