அண்ணையின் கோபத்தை எழுதலாமா?

என் அன்புக்குரிய அண்ணைக்கு,

என் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். கொக்குவிலில் அதே வீட்டில்தான் இருக்கிறேன். விடிந்ததும் தேத்தண்ணீரோடு எழுத உட்காருவேன். நீங்கள் வரும் அத்தியாயத்தில் பேனை நின்றுவிட்டது. எழுதுவதும் கிழிப்பதுமாக மாரிகாலம் முழுவதும் போய்விட்டது.

ஊரில் யார் செத்தாலும் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு எழுத என்னிடம்தான் வருவார்கள். இறந்தவரின் குணங்களைப் பாடி, குடும்பத்தார் பெயர்களை அடுக்கி அச்சடிக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில் எல்லோரும் உத்தமர்கள். உங்களுடையதையும் நான்தான் எழுதினேன். அந்தக் கைப்பழக்கம் லேசில் போகுமா? இந்தப் புத்தகத்திலும் உங்களை அப்படியே எழுதி, மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“உவர் ஆர்? நான் கலியாணம் முடிச்ச மனுசன் உப்பிடி இல்லையே. உன்னோடை கதைக்காமல் இருந்ததை ஏன் விட்டனி?”

நான் விரும்பியவரைக் கட்டினேன் என்று வருடக்கணக்காக என்னோடு பேசாமல் இருந்து, பேசாமலே போய்விட்டீர்களே, அதை எழுதவா? கனடாவில் இருக்கும் உங்கள் பேரப்பிள்ளைகள் உங்களைக் கண்டதே இல்லை. அவர்களுக்கு நீங்கள் இந்தப் பக்கங்களில்தான் இருக்கப்போகிறீர்கள். கோபக்கார அப்பப்பா என்று மட்டும் மனதில் பதிந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? எழுதாமல் விடவும் பயமாக இருக்கிறது. பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள்?

இன்னொரு பயமும் உண்டு. அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போனோமே, கேணியில் முழுகிவிட்டு வந்த என் சின்ன மகள் கடற்காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றாள். நீங்கள் என்னைப் பாராமலே, தலை துடைக்க வைத்திருந்த உங்கள் துவாயால் அவளைப் போர்த்திவிட்டுப் போனீர்கள். அதை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். எழுத எழுத, உண்மையில் நடந்ததா, ஆசையில் நானே கட்டிய கதையா என்று சந்தேகம் வந்துவிட்டது. மகளுக்கு நினைவில்லை. கேட்பதற்கு நீங்களும் இல்லை.

நேற்று மச்சாளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அன்று அவர் சமையலுக்கென்று வீட்டில் நின்றுவிட்டார். நீங்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லையாம். அரிசி களைந்தபடியே சொன்னார்.

“அண்டைக்குத் தலை துடைக்காமல் ஈரத்தோடை வந்து நிண்டவர். துவாய் எங்கையெண்டு கேட்டதுக்கு என்னிலை ஏறி விழுந்தவர்.”

நான் அந்த அடுப்படியிலேயே இருந்து அழுதேன் அண்ணை.

இனி உங்கள் கோபத்தைக் குறைத்து எழுதமாட்டேன். அந்தத் துவாய்க்கு மேலே ஒன்றும் கூட்டிச் சொல்லவும் மாட்டேன். நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்றே எழுதுவேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் படத்துக்கு முன்னால் இருந்து முழுவதையும் வாசிப்பேன். பிடிக்காவிட்டால் ஏசுங்கள். இந்த முறையாவது பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் சொல் கேளாத
தங்கச்சி