பதினொரு மணிச் சங்கு

என் வாயாடிச் செல்லமே,

நாடே அழுத அந்த ரயில் விபத்தின் நினைவு நாளில், மௌன அஞ்சலிக்குச் சங்கு ஊதியபோது வகுப்பில் நீ எழுந்து நிற்கவில்லையாம். தலைமையாசிரியை என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார். எழுத உட்கார்ந்தால் கடிதம் உனக்குத்தான் வருகிறது.

"அம்மாவ நான் தெனமும்தான் நினைக்கிறேன். சங்கு ஊதினா எழுந்து நின்னு காட்டணுமாப்பா?" என்று கேட்டாய். அம்மா அந்த ரயிலில் இருந்ததைப் பள்ளியில் நான் சொல்லவே இல்லை. யாரும் உன்னைப் பாவமாகப் பார்க்கக் கூடாதென்று மறைத்துவிட்டேன். தப்பு என்னுடையது. நாளை வந்து சொல்லிவிடுகிறேன்.

பதினொரு மணிக்குச் சங்கு ஊதித் தெருவே நிற்கும்போது என் தையல் மெஷின் மட்டும் ஓடும். எனக்குக் காது மந்தம் என்று பக்கத்துக் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நிறுத்தினால் அழுதுவிடுவேன்டி.

அடுத்த வருஷம் அன்றைக்குக் கடைக்கு வந்துவிடு. நீ பக்கத்தில் இருந்தால் நிறுத்திப் பார்க்கிறேன். கைக்குட்டை இரண்டு தைத்து வைக்கிறேன்.

உன் அப்பா