குறைந்துபோன பன்னிரண்டு மணி நேரம்

அன்புள்ள தங்கை லொரெட்டா,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்குகிறேன்.

ஒரு சின்னச் சங்கதி, பயப்படாதே. எங்கள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் கௌரவ மாணவர் சங்கத்துக்கு இந்த ஆண்டுப் பட்டியலைத் தயாரித்தவன் நான். அதில் சேர நல்ல மதிப்பெண்ணோடு நூறு மணி நேரத் தொண்டும் வேண்டும். தெரசா கூபியாக் என்ற மாணவியின் மருத்துவமனைத் தொண்டை இரண்டு முறை கூட்டிவிட்டேன். சங்கத்தில் சேர அவளுக்கு அழைப்பு போன பிறகுதான் பன்னிரண்டு மணி நேரம் குறைவது தெரிந்தது. ஞாயிறு திருப்பலியில் புது உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். அவள் அப்பா லாரி வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு டொலீடோவிலிருந்து வருகிறார்.

சங்கப் பொறுப்பாளர் ஃபாதர் டோலனிடம் ஓடினேன். "தப்பு உம்மோடது, லென். அவகிட்ட நீரே போய்ச் சொல்லும்," என்றார்.

சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "இதுக்கா சார் இப்படி வேர்க்குது? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிடுறேன். நீங்க கூட இருந்து கையெழுத்துப் போடுங்க, போதும்."

இறைச்சி தவிர்க்கும் தவக்கால வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்காகப் பங்குக் கூடத்தில் மூன்று நாளாக உருளைக்கிழங்கு உரிக்கிறாள். சும்மா உட்காரக் கூச்சப்பட்டு நானும் உரிக்கிறேன். இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி. இன்று மாலை பரிமாறினால் நிறைந்துவிடும். ஆனால் பனி கொட்டுகிறது. கூட்டம் வராவிட்டால் சீக்கிரமே கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு அவள் அப்பா முன்னால் நான்தான் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டும்.

உன் வீட்டில் விட்டுவந்த என் கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் தைத்து அனுப்பு. ஞாயிறுக்குள் வராது, தெரியும். இருந்தாலும் அனுப்பு.

வாசலில் தெரசா ஹாரன் அடிக்கிறாள். இந்தப் பனியிலும் ஊரார் பசியோடு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்.

உன்,
லெனர்ட்