கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

1993 ஜூலை 6, செவ்வாய்

அம்பத்தூரில் ஒரு கம்பெனி ஸ்நூக்கர் போட்டி நடத்துகிறது. அழைக்கப்பட்டவர்கள் மட்டும்தான் ஆடலாம். ஆறு பேர் அதையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களில் ஒருவன் இங்கிலாந்திலிருந்து வருகிறான். உள்ளூரிலிருந்து இரண்டு பேர். ஒருவர் உலகநாதன். இன்னொருவர்? ஆவடி ஃபேக்டரி கிளப்பில் யாரும் சொல்லித்தராமல் ஆடிப் பழகிய கன்னியப்பன் என்று ஒருவன் இருப்பது எவனுக்கும் ஞாபகம் வராது. வர வேண்டாம். கூப்பிட்டாலும் போவதாக இல்லை.

வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். சும்மாதான்.

ஜூலை 9

கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜூலை 10

கிளப் செயலாளர் பாஸ்கரன் வந்தான்.

“அண்ணாத்தே, கறுப்பு கோட்டு போடணும். கழுத்துல வண்ணத்துப்பூச்சி கணக்கா ஒரு டை கட்டணும். இல்லாங்காட்டி உள்ளயே உடமாட்டானுங்க.”

“குனிஞ்சா அது பந்து மேல படும்டா. பட்டா ஃபவுல். இதுகூடவா தெரியாது?”

“ஒலகம் பூரா கட்டிகினுதான் ஆடறானுங்க.”

“ஒலகம் பூரா தப்பு.”

ஓய்வுபெற்ற ஃபிட்டருக்கு என்ன துணிச்சல்! ஆனாலும் தப்பு தப்புதான்.

ஜூலை 12

டெலிபோன் பூத்திலிருந்து போட்டி நடத்துபவர்களிடம் பேசினேன். டை ஆபத்தானது என்று விளக்கினேன். அந்தப் பக்கம் சிரித்தார்கள். போகப் போவதில்லை. முடிவு.

“போவாட்டி போ,” என்றாள் லோகநாயகி. “அப்பால இன்னாத்துக்குத் தெனம் கெளப்புக்குப் போயி குச்சிக்கு சாக்பீஸ் தேச்சிகினு கீற?”

முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் இவள் கேட்ட எந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன்?

ஜூலை 15

கிழிந்த குடைத் துணியை வெட்டி டை தைத்துவிட்டாள். பேரனின் டிராயரிலிருந்து உருவிய எலாஸ்டிக். கொஞ்சம் தொங்குகிறது.

“கல்யாணத்துல பேண்டு வாசிக்கிறவன் மாரியே கீற.”

பேண்டு வாசிக்கிறவனை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு ஒரு ஆட்டம் போதும். ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டால், என்னை மறந்த அத்தனை வருடத்துக்கும் கணக்கு நேராகிவிடும்.

ஜூலை 18, ஞாயிறு

தோற்றேன்.

ஜூலை 19

எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல் சுற்று, ஒரே ஆட்டம். எதிரே இங்கிலாந்துக்காரன். ஐந்து புள்ளி நான் முன்னால்! (முந்தின நாள் சாப்பிட்ட பிரியாணி அவனைப் படுத்திக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. அது போகட்டும்.) மேஜையில் பிங்க், கறுப்பு, இரண்டே பந்து. பிங்க் விழுந்தால் ஆட்டம் எனக்கு. வெள்ளைப் பந்து எட்டத்தில். வயிறு மேஜையில் அழுந்த எட்டிக் குனிந்தேன். பிங்க் குழிக்கு நேராக இருந்தது, குழந்தைகூடப் போட்டுவிடும்.

அப்போது டை கறுப்புப் பந்தை உரசியது. பந்து அசையக்கூட இல்லை. நடுவர் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை.

நிமிர்ந்து, “ஃபவுல்! டை பட்டுச்சு!” என்று கத்தினேன்.

கறுப்பைத் தொட்டதற்கு ஏழு புள்ளி அவனுக்கு. பிறகு இரண்டு பந்தையும் அவனே போட்டுவிட்டான். கூட்டம் எழுந்து நின்று எனக்குக் கை தட்டியது. உலகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னா நேர்மை அண்ணாத்தே!” என்று கட்டிப்பிடித்தார்.

நேர்மையா? அந்த நொடியில் நேர்மை எங்கே ஞாபகம் வந்தது? நான் சொன்னதுதான் சரி, டை பந்தில் படும் — இதை அத்தனை பேர் முன்னால் நிரூபிக்க அப்படி ஒரு வாய்ப்பு! விட மனசு வரவில்லை. இதைப் போய் யாரிடம் சொல்ல? லோகநாயகியிடம் சொன்னேன்.

“தெரியும்,” என்றாள். “‘டை பட்டுச்சு’ன்னு சொல்றப்போ மூஞ்சில அப்பிடி ஒரு சந்தோசமாமே. பாஸ்கரன் சொன்னான்.”

ஆகஸ்ட் 2

பால் பூத்தில்கூட என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார்கள். எவனும் டையைப் பற்றிப் பேசுவதில்லை.

1994 ஜூன் 24

இந்த வருடமும் போட்டி. ஆட உலகநாதனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டிருப்பது நடுவராக. “அந்த மாரி ஒரு நேர்மையான மனுசன் எங்க கெடைப்பாரு” என்று ஒருமனதாக முடிவு செய்தார்களாம். கறுப்புக் கோட்டு. வெள்ளைக் கையுறை. டை.

முடியவே முடியாது என்று பாஸ்கரனிடம் சொல்லியனுப்பிவிட்டேன்.

பூந்தமல்லி போகிற லோகநாயகியிடம் புது எலாஸ்டிக் வாங்கிவரச் சொன்னேன். நல்ல இறுக்கமானதாக. சும்மாதான்.